என் தங்கையும் ஒன்றேகால் அடி வாசலும்

என் தங்கை தராசு பழுதுபார்ப்பவள். காய்கறிக் கடைத் தராசிலிருந்து நகைக்கடையில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் தராசு வரை அவள் கை படாதது எங்கள் பக்கத்தில் குறைவு. அவள் வேலை செய்யும் கம்பெனியில் ‘கிராம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கிராம் பிசகினாலும் விடமாட்டாள் என்பதால் வந்த பெயர். நான் எட்டாவது வரை படித்த தையல்காரன். அவள் தொழிற்பயிற்சியில் முதலாவதாக வந்தவள். என் கடைக்கு யார் வந்தாலும் கழுத்தளவு எடுத்துக் கையளவுக்குப் போவதற்குள் இதைச் சொல்லிவிடுவேன்.

அவள் செய்யும் வேலைகளில் பெரியது லாரி எடைமேடை. சரக்கு லாரி மேலே ஏறி நின்றால் எடை காட்டும் இரும்பு மேடை அது. அதன் அடியில் ஒரு குழி உண்டு. மேடையைத் தாங்கி எடையை உணரும் எட்டு இரும்பு உருளைகள் அந்தக் குழிக்குள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க வேண்டுமானால் மேடையில் உள்ள மூடியைத் தூக்கிவிட்டு உள்ளே இறங்க வேண்டும். வாசல் ஒன்றேகால் அடிச் சதுரம். பதினோரு வருடமாகக் கம்பெனியில் அதற்குள் இறங்கும் ஒரே ஆள் அவள்தான். மற்றவர்கள் எல்லாம் மேலே நின்று டார்ச் அடிப்பவர்கள்.

போன வருடம் ஒரு காலை, ஒரு கல் குவாரியின் எடைமேடைக் குழிக்குள் இறங்கினாள். கால் போயிற்று. முட்டி போயிற்று. இடுப்பு போகவில்லை. மேலேயும் வர முடியவில்லை.

வரிசையில் முதலாவதாக நின்ற லாரி டிரைவர் எட்டிப் பார்த்தாராம். “அக்கா, மேல வரீங்களா, கீழ போறீங்களா? ஏதாவது ஒண்ணு முடிவு பண்ணுங்க. பின்னாடி பதினாலு வண்டி நிக்குது.”

அவரே ஒரு கையையும் குவாரி மேலாளர் இன்னொரு கையையும் பிடித்து இழுத்தார்கள். மேலாளர் நல்ல மனிதர். அதனால்தான் அவர் சொன்னது இன்னும் சுருக்கென்று தைத்தது. “பரவால்லம்மா. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி சோதனை வருதில்ல, அதுக்கு ஒல்லியா ஒருத்தர அனுப்பச் சொல்லி ஆபீசுக்கு எழுதிடறேன்.”

“எழுதாதீங்க சார். நானே வரேன்.”

“சரி. ரெண்டு மாசம் பார்ப்போம்.”

வீட்டு வாசலில் கம்பெனி வண்டியை நிறுத்தினாள். எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறாள். வண்டியிலிருந்து ஒரு தராசை மேலே தூக்கிப் போனாள். பிறகு இருபது கிலோ எடைக்கல் மூன்றை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போனாள். தராசு சரியாகக் காட்டுகிறதா என்று முதலில் சோதித்துவிட்டுத்தான் தானே ஏறி நின்றாள். எழுபத்தொன்று கிலோ நானூறு கிராம். வேலையில் சேர்ந்தபோது எடுத்த எடை அறுபத்தைந்து.

“ஆறு கிலோ எனக்குத் தெரியாம எப்படிண்ணா வந்துச்சு? வேலைக்குப் போடற ஓவரால் ஒரு நாள் கூட இறுக்கிப் பிடிக்கலையே?”

நான் ஊசியில் நூல் கோப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அந்த ஆறு கிலோவும் சர்க்கரை வழியாகத்தான் வந்தது. டீயில் நாலு ஸ்பூன் போடுவாள். வண்டியில் எடைக்கற்களுக்கு நடுவே கிரீம் பிஸ்கட் பாக்கெட் இருக்கும். பிரிட்ஜில் இருக்கும் மில்க்மெய்ட் டப்பா தானாகக் குறையும். மறுநாளே எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டாள். இரண்டு நாள் எங்களுக்கெல்லாம் புத்திமதி சொன்னாள். மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு, இருமல் மருந்துப் பாட்டிலோடு என் மனைவியிடம் அகப்பட்டாள்.

“என்ன, இருமலா?”

“தொண்ட கரகரன்னு இருக்கு அண்ணி.”

“நாலு மணிக்கு மட்டும் கரகரங்குதா? நேத்தும் இதே நேரம்தான் பாட்டில் நகந்துச்சு.”

“கொஞ்சம் இனிப்பா இருக்கு, அவ்வளவுதான்.”

“இங்க குடு அத. நாளைக்கு நிஜமா இருமல் வந்தா என்னத்தக் குடிப்ப?”

அவள் பாட்டிலைக் கொடுத்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்தாள். “பசி இல்ல அண்ணி. வாய்க்குள்ள யாரோ உக்காந்துகிட்டு கதவ தட்டற மாதிரி இருக்கு. தெறந்தாதான் நிறுத்துவான்.”

என் மனைவி சிரிக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். தங்கை வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் கண் கலங்கியிருந்தது.

தங்கையின் ஆபீசில் ஒரு டைப்பிஸ்ட் அம்மா வாரம் ஒரு ஊசி போட்டு இளைத்திருந்தார். “கேக் துண்டப் பாத்தா கல்லப் பாக்கற மாதிரி இருக்காம்ணா. ஆசையே வரலையாம். எனக்கும் அது கிடைச்சா ஆறு கிலோ ஒரு விஷயமா?” என்றாள். ஊசி என்றால் எனக்குத் துணியில் குத்துவது ஒன்றுதான் தெரியும். சரி, டாக்டரைக் கேட்போம் என்று கூடவே போனேன்.

டாக்டர் அம்மாவின் வயது எங்கள் இருவர் வயதுக்கும் நடுவில் இருக்கும். ரத்தம் சோதித்தார். சர்க்கரை நோய் இல்லை. உயரத்தையும் எடையையும் குறித்துக்கொண்டார்.

“ரொம்ப அதிகமான எடைன்னா நானே இந்த மருந்த எடுத்துக்கச் சொல்லுவேன். உங்களுக்கு ஆறு கிலோ. தரக்கூடாதுன்னு இல்ல, யோசிக்கணும். மெல்ல மெல்லத்தான் அளவ ஏத்துவோம். ஆரம்பத்துல நிறைய பேருக்குக் குமட்டல் வரும். நிறுத்தினா எடை திரும்பிடறதும் உண்டு.”

“குமட்டல்னா எவ்வளவு நாள் டாக்டர்?”

“ஆளுக்கு ஆள் மாறும். சில வாரம் ஆகலாம்.”

தங்கை யோசித்தாள். “நான் குழிக்குள்ள படுத்து வேலை செய்யறவ. அங்க வாந்தி வந்தா மேல ஏறி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்.”

டாக்டர் அம்மா பேனாவை வைத்துவிட்டார். “குழியா?” என்றவர், டீயும் நாலு மணித் தட்டலும் உட்பட முழுக் கதையையும் கேட்டார். லாரி டிரைவர் சொன்னதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு, “மத்தியானம் என்ன சாப்பிடறீங்க?” என்றார்.

“மத்தியானமா? எடைக்கல் மேடையில ஏத்திட்டா, ஏத்தி இறக்கி முடியற வரைக்கும் நிறுத்தக்கூடாது. மூணு, மூணரை ஆகும். நடுவுல ரெண்டு டீ.”

“நாலு நாலு ஸ்பூன். வெறும் வயித்துல,” என்றார் டாக்டர் அம்மா.

“...ஆமா.”

“அப்புறம் நாலு மணிக்குக் கதவு தட்டாம என்ன செய்யும்? காலையில வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வயிறாரச் சாப்பிடுங்க. பாதியில நிறுத்த முடியாதுன்னா, ஆரம்பத்தயே மாத்துங்க. டீல சர்க்கரைய ஒரேயடியா விட வேண்டாம், வாரம் ஒரு ஸ்பூன் குறைங்க. அஞ்சு வாரம் கழிச்சு வாங்க. அப்பவும் முடியலைன்னா ஊசி எழுதித் தரேன். அதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல.”

திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் நான் சொல்லிவிட்டேன். அதற்குமேல் மறைக்க மனசு வரவில்லை. வருடா வருடம் ஜிப் தைக்கக் கொடுத்த ஓவராலில், நாலு வருடமாக நான்தான் பக்கத் தையலைப் பிரித்து, உள்மடிப்பிலிருந்து விரற்கடை விரற்கடையாக இடம் விட்டிருக்கிறேன். கஷ்டப்பட்டு வேலை செய்கிற பெண், இறுக்கமாக இருக்கக்கூடாதே என்றுதான் செய்தேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அண்ணா, கடைக்காரன் ஒருத்தன் தராசு முள்ள இப்படித் திருப்பி வச்சிருந்தான்னா என்ன பண்ணுவேன் தெரியுமா?”

“சீல் வைப்ப.”

“உன் தையல் மிஷினுக்கு வைக்கணும்!” பஸ் வரும் வரை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏறி உட்கார்ந்த பிறகு, “எவ்வளவு விட்ட மொத்தம்?” என்றாள்.

“சுத்தளவுல மூணே கால் அங்குலம்.”

“அளவாவது சரியா வச்சிருக்க,” என்றாள். கோபத்தில் பாதி அங்கே இறங்கியது. அன்றே ஓவராலைப் பழைய தையலுக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டாள். கொண்டுவந்தேன். ஜிப் பாதி வரைதான் ஏறியது. அதை மாட்டியபடியே மேலே ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அந்த ஐந்து வாரமும் ஒரே சீராகப் போகவில்லை. காலை ஆறரைக்கே என் மனைவி அவளுக்குச் சோறு போட்டாள். முதல் வாரம் திணறிச் சாப்பிட்டவள், பிறகு மறுசோறு கேட்டாள். நாலு மணித் தட்டல் மெதுவானது, நிற்கவில்லை. மூன்றாம் வாரம் ஒரு பேக்கரியில் தராசு சரிசெய்யப் போனவளுக்கு முதலாளி கிரீம் பன் கொடுத்திருக்கிறார். வீட்டு வாசலிலேயே நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டாள்.

“எத்தன?” என்றாள் என் மனைவி.

“ரெண்டு.”

“ரெண்டுதானே? முகத்தப் பாத்து, நீ ட்ரேயவே முடிச்சிட்டன்னு நெனச்சேன். வா, கை கழுவு.”

ஐந்தாம் வாரம் இரண்டு கிலோ நூறு கிராம் குறைந்திருந்தது. டீ ஒரு ஸ்பூனுக்கு வந்திருந்தது. மறுபடி டாக்டரிடம் போனோம். அவர் கேட்டார், “என்ன சொல்றீங்க? ஊசி?”

அவள் விரல் விட்டு எண்ணினாள். குவாரிச் சோதனைக்கு மூன்றே வாரம்தான் இருந்தது. இப்போது ஆரம்பித்தால் குறைந்த அளவில்தான் ஆரம்பிக்க முடியும், அதற்குள் பெரிதாக இறங்காது. குமட்டல் வந்தால் சரியாக அந்த நாளில் வந்து நிற்கும். எல்லாவற்றையும் தராசுத் தட்டில் வைப்பதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னாள். “இந்த மூணு வாரம் இப்படியே போறேன் டாக்டர். இறங்க முடியலைன்னா அந்த வேலைய வேற ஆளுக்கு விட்டுட்டு, நிதானமா வந்து ஊசி கேப்பேன்.” டாக்டர் அம்மா தலையசைத்தார்.

சோதனை நாளன்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ஓவரால் ஜிப் கடைசி விரற்கடையில் முரண்டு பிடித்தால் யார் பார்ப்பது? அறுபத்தெட்டு கிலோ இருநூறு. நினைத்த ஆறில் பாதிதான் குறைந்திருந்தது. ஜிப் மூச்சைப் பிடித்து ஏறியது.

மேலாளர் கேட்டிலேயே நின்றிருந்தார். பக்கத்தில் அதே டிரைவர். “அக்கா, இன்னைக்கு எனக்குப் பின்னாடி ஆறு வண்டிதான்,” என்றார்.

“அப்ப அவசரமில்ல,” என்றாள் தங்கை.

இடுப்புக் கருவிப் பையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். கால் போயிற்று. முட்டி போயிற்று. இடுப்பு வாசலில் நின்றது. அவள் கொஞ்சம் மேலே வந்து, உடம்பை மூலைக்கு மூலையாகத் திருப்பி, மூச்சை முழுதாக விட்டாள். ஓவரால் இரும்பில் உரசும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி அவள் தலை தெரியவில்லை.

டிரைவர் விசிலடித்தார். நான் மேடையிலேயே குப்புறப் படுத்து உள்ளே பார்த்தேன்.

“அழாதண்ணா, கண்ணுல தூசி விழும். பெரிய ஸ்பேனரக் குடு.”

ஒன்றரை மணி நேரம் குழிக்குள் இருந்தாள். ஆறாவது உருளைக்குப் பக்கத்தில், மேடைக்கும் குழிச் சுவருக்கும் நடுவே ஒரு ஜல்லிக்கல் சிக்கியிருந்தது. அதனால் ஒவ்வொரு லாரிக்கும் நாற்பது கிலோ குறைவாகக் காட்டியிருக்கிறது. மேலே நின்று டார்ச் அடித்தால் அது தெரிந்திருக்காது. அதை வெளியே எறிந்துவிட்டு, போன வழியிலேயே மூலைக்கு மூலையாக மேலே வந்தாள். மேலாளர் அந்தக் கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு டீ வரவழைத்தார். சர்க்கரை ஏற்கனவே போட்டிருந்தது. அவள் ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். “என்ன சார் இது, பாகு மாதிரி இருக்கு?” என்று கேட்டவள், கொஞ்சம் நிறுத்தி மீதியையும் குடித்தாள்.

அடுத்த சோதனை ஆறு மாதம் கழித்து. அதற்கான படிவத்தில் ‘குழியில் இறங்குபவர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. மேலாளர் பேனாவை நீட்டினார். என் தங்கை தன் பெயரை இனிஷியலோடு, கட்டம் நிறைய எழுதினாள்.