கோட்டுக்கு நூறு அர்த்தம்

முதலில் காகிதத்தை முகர்ந்து பார்ப்பார். வெள்ளை மை பூசி எழுத்தை மறைத்திருந்தால் இரண்டு நாளானாலும் வாடை போகாது என்பது அவர் கட்சி. தேர்தல் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவருக்கு இருக்கிற ஒரே கட்சி அதுதான். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார், சுரண்டிய இடம் ஏதும் தெரிகிறதா என்று. கடைசியாக வலது கட்டைவிரல் நகத்தை முதல் கட்டத்தில் வைத்து, ஒவ்வொரு கட்டமாகக் கீழே இறக்குவார். நகம் எங்கே நிற்கிறதோ அங்கே வேட்பாளரின் மூச்சும் நிற்கும்.

மண்டல மன்றத் தேர்தலில் நிற்க விரும்புகிற எவரும் அவர் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். வேட்புமனுவை அவர் சரிபார்த்துத் தள்ளினால், பக்கத்து மேசையில் இருக்கும் நான் நேரம் குறித்து ரசீது கொடுப்பேன். ஒன்பது வருடமாக இப்படித்தான். நேரில் அவரை அக்கா என்பேன். முதுகுக்குப் பின்னால் அலுவலகமே அவரைப் பூதக்கண்ணாடி என்கிறது. "பேரு வெச்சது நீங்கதானே தம்பி?" என்று ஒருநாள் கேட்டார். இல்லவே இல்லை என்றேன். "இல்லவே இல்லைன்னு ரெண்டு தடவ சொல்றீங்களே" என்றார். பெயர் வைத்தது நான்தான்.

தொகுதி வாக்காளர் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்பது விதி. ஒருமுறை ஒரு மனுவைப் பார்த்துவிட்டு, "பத்துப் பேரும் ஒரே பேனாவா? எல்லாரும் ஒரே பெஞ்சுலயா உக்காந்திருந்தீங்க?" என்று கேட்டார். வந்தவர் அசடு வழிய எழுந்து போனார். மறுநாள் பத்துப் பேரையும் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு வந்து படிக்கட்டில் வரிசையாக நிறுத்தினார். அக்கா இறங்கிப் போய் ஒவ்வொருவர் விரலிலும் கையெழுத்துப் போட்ட பேனா மை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

மனு கொடுக்கக் கடைசி நேரம் பிற்பகல் மூன்று மணி. சுவர்க் கடிகாரத்தை அவர் நம்புவதில்லை. முந்தைய தேர்தலில் யாரோ அதை நாலு நிமிடம் தள்ளி வைத்துவிட்டார்களாம். தினமும் காலையில் வானொலியைக் கேட்டு நேரம் திருத்திய கைக்கடிகாரத்தை மேசையில் கழற்றி வைத்துக்கொள்வார். எந்த வேட்பாளர் தேநீர் வாங்கி வந்தாலும் தொடமாட்டார். பொதுமக்களுக்கென்று ஒரு பேனா மேசைக் காலில் நூலால் கட்டித் தொங்கும். அது பாதி நாள் எழுதாது. பச்சை மூடி போட்ட அவருடைய சொந்தப் பேனா கைப்பையில் இருக்கும். அதை இந்த ஒன்பது வருடத்தில் நான் தொட்டதில்லை.

அவர் பொறுக்கவே பொறுக்காத ஒன்று உண்டு. கட்டங்களில் போடும் சிறு கோடு. சொல்ல ஒன்றுமில்லை என்றால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவது எல்லோருக்கும் பழக்கம். விதிப்படி அது செல்லாது. 'இல்லை' என்று கைப்பட எழுத வேண்டும். "எழுதினா ஒரே அர்த்தம். கோடு போட்டா நூறு அர்த்தம். நாளைக்கு எத வேணா சொல்லிக்கலாம் பாருங்க" என்பார். எழுதியது உண்மையா பொய்யா என்பது அவர் கவலையில்லை. "அதப் பாக்க ஊர் இருக்கு. நான் காலியா இருக்கான்னு மட்டுந்தான் பாப்பேன்."

'சும்மா' என்ற சொல்லும் அவருக்கு ஆகாது. பதினோரு வருடத்துக்கு முன் அவருடைய அண்ணன், "சும்மா கொஞ்ச நாள் உன்கூட இருக்கட்டும்" என்று அம்மாவை ஒரு துணிப்பையோடு கொண்டுவந்து விட்டார். நாலு பேருந்து நிறுத்தம் தள்ளி டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

இந்தத் தேர்தலில் அந்த அண்ணன் நிற்கப் போவதாகச் சுவரொட்டி வந்தது. அக்கா அன்றே அதிகாரிக்கு, வேட்பாளர் என் உடன்பிறந்தவர், என்னை வேறு வேலைக்கு மாற்றுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். "ஆளு ஏதும்மா? முடிவெடுக்கிறது நான்தானே, நீங்க பாத்து மட்டும் குடுங்க" என்றுவிட்டார் அதிகாரி. அந்தக் கடிதத்தின் நகலில் அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டார் அக்கா. அலுவலகத்தில் கண் ஜாடைகள் பறந்தன. அண்ணனை விட்டுவிடுவார் என்றார்கள் பாதிப் பேர். கவிழ்த்துவிடுவார் என்றார்கள் மீதிப் பேர். நான் மீதியில் இருந்தேன், இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கடைசி நாளுக்கு முந்தின நாள் சாப்பிடும்போது தானாகவே சொன்னார்: "அந்த ஃபாரத்துல பெத்தவங்க பேரு எழுதற எடம் இருக்காமேன்னு எங்கம்மா கேக்கறாங்க தம்பி. யாரு சொன்னாங்களோ. ரெண்டு நாளா அதே பேச்சு. அதுல தன் பேர எழுதுவானான்னு." அவர் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் இரண்டு முப்பத்தைந்துக்கு அண்ணன் வந்தார், வக்கீலும் இன்னும் மூன்று பேருமாக. மனுவைத் தங்கையிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார். நான் பக்கத்து மேசையைக் கண்ணால் காட்டினேன்.

அக்கா முகர்ந்தார். வெளிச்சத்தில் பிடித்தார். நகம் இறங்கியது. பத்தொன்பதாம் கட்டத்தில் நின்றது.

"வேட்பாளரைச் சார்ந்து வாழும் பெற்றோர். இங்க கோடு போட்டிருக்கீங்க."

"அது... ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்மா."

"அப்ப அதையே எழுதுங்க. இருந்தா பேரு, இல்லன்னா இல்லை."

வக்கீல் குனிந்து, "அம்மா பேரையே எழுதிடுங்க தலைவரே, பாக்க நல்லாயிருக்கும்" என்றார். அண்ணன் தங்கையின் முகத்தையே பார்த்தார். "எழுதினா பொய்யின்னு நாளைக்கு நீயே வந்து நிப்ப."

"உண்மை பொய் நான் பாக்கறதில்ல. காலியா இருக்கான்னுதான் பாக்கறேன்."

இதைவிடத் தெளிவாக ஒரு கதவைத் திறந்து வைக்க முடியாது. ஆனால் அந்த மனிதருக்கு அது பொறியாகத்தான் தெரிந்தது. நெற்றியைத் துடைத்தார். நூலில் தொங்கிய பேனாவை எடுத்துக் கிறுக்கிப் பார்த்தார், எழுதவில்லை. வக்கீல் சட்டைப் பையைத் தடவினார். மேசைக் கடிகாரத்தில் இரண்டு நாற்பத்தெட்டு. அக்கா கைப்பையைத் திறந்து பச்சை மூடிப் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றி அண்ணன் கைப்பக்கமாக வைத்தார்.

அண்ணன் கோட்டை அடித்து, பக்கத்தில் சின்னக் கையொப்பம் இட்டு, எழுதினார்: இல்லை.

அக்கா அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டிப் படிப்பவர்போல நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார். எழுதியாகிவிட்டது, கட்டம் காலியாக இல்லை. சரி என்று குறியிட்டு என் பக்கம் தள்ளினார். இரண்டு ஐம்பத்தொன்று என்று ரசீது எழுதினேன். அண்ணன் பேனாவை வைத்துவிட்டுப் போனார். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை.

மூன்று மணிக்குக் கதவைச் சாத்தினோம். அதுவரை அணைத்து வைத்திருந்த கைப்பேசியை அக்கா மறுபடி போட்டதும் அது அடித்தது. அம்மாதான். காது மந்தமானவர்கள் சத்தமாகத்தான் பேசுவார்கள். என் மேசை வரைக்கும் கேட்டது.

"வந்தானா?"

"வந்தாரும்மா. நீ சாப்ட்டியா?"

"அத விடு. அந்த எடத்துல என்ன எழுதினான்? என் பேரு எழுதினானா?"

அண்ணன் விட்டுப்போன பேனா இன்னும் மூடாமல் மேசையில் கிடந்தது. அக்கா அதை எடுத்தார். எதிரே இருந்த வெற்றுச் சீட்டில், இடமிருந்து வலமாக, மெதுவாக ஒரு கோடு போட்டார்.