திவால் ஃபைலில் அண்ணனைத் தேடினேன்

திவாலானவனுடைய ஃபைலைக் கோர்ட்டில் எப்படித் தேடுவது என்று இன்றைக்கு யார் கேட்டாலும் சொல்லிவிடுவேன். முதலில் எந்தக் கோர்ட் என்று தெரிய வேண்டும். அப்புறம் எந்த வருஷம். அப்புறம் எந்தப் பெயரில் கேஸ் போட்டார்கள் என்பது. மூன்றும் தெரிந்தால் அரை நாள் வேலை. எனக்கு மூன்றுமே தெரியாது. மூன்று வாரம் ஆனது.

மலாயாவுக்கு ஜப்பான்காரன் வந்து இரண்டாவது வருஷம் அது. நான் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் ஓர் அறை. சண்டை வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டபோதே மனைவியையும் பிள்ளையையும் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டேன். அப்புறம் கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை. அவர்கள் போய்ச் சேர்ந்தார்களா என்பதே தெரியாது.

ஒரு தடவை காய்ச்சலில் மூன்று நாள் கிடந்தேன். கதவைத் தட்ட ஆள் இல்லை. நான்காம் நாள் பக்கத்து அறைக்காரன் எட்டிப் பார்த்தான்.

"என்னாண்ணே, சத்தத்தையே காணோம். செத்துப் போயிருந்தா இந்த மாச ரேஷன் உப்ப நான் வாங்கிக்கலாம்னு பாத்தேன்" என்று சிரித்தான்.

கெட்டவன் இல்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தவனும் அவன்தான். ஆனால் அந்தக் கஞ்சியைக் குடித்துக்கொண்டே யோசித்தேன். நான் செத்தால் யாருக்குச் சொல்லி அனுப்புவார்கள்? கடலுக்கு இந்தப் பக்கம் எனக்கு இருந்த ஒரே சொந்தம் என் அண்ணன். அவனோடு பேசி நான்கு வருஷம் ஆகியிருந்தது. எங்கே இருக்கிறான் என்றுகூடத் தெரியாது.

அண்ணன் கிள்ளானில் மளிகைக் கடை வைத்திருந்தான். நொடித்துப்போய் மஞ்சள் கடுதாசி கொடுத்தான். என் பேச்சை நம்பி எங்கள் ஷெட் ஆட்கள் நாலு பேர் அவன் கடையில் பணம் போட்டிருந்தார்கள். அவர்கள் என் சட்டையைப் பிடித்தார்கள். அந்தச் சமயத்தில் அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நான் பிரிக்கவில்லை. வேண்டாம் என்று உறையின் மேல் எழுதித் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவன் கோர்ட்டில் நின்றபோது பக்கத்தில் யார் நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் நிற்கவில்லை.

காய்ச்சல் விட்டதும் கிள்ளானுக்குப் போனேன். அவன் கடை இருந்த இடத்தில் டயர் ரப்பரை வெட்டிச் செருப்புத் தைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரித்தேன்.

"மஞ்சக் கடுதாசி குடுத்தவன் அட்ரசும் குடுத்துட்டா போவான்?" என்றார். கடைக்குள் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். "நீங்க எவ்ளோ விட்டீங்க?"

"நான் அவன் தம்பி."

சிரிப்பு நின்றது.

திரும்பி வந்த மறுநாள் ஊர்க் கடைத்தெருவின் அஞ்சடி நடைபாதையில் பெட்டிஷன் எழுதும் பாயைப் பார்த்தேன். மஸ்ஜித் இந்தியா பக்கத்து ஆள். பழைய டைப்ரைட்டர், ரிப்பன் காய்ந்துபோய் எழுத்து பாதிதான் விழும். அதற்கும் ஜனம் வரிசையில் நின்றது. ஆளைக் காணோம் என்று பெட்டிஷன் எழுதுவீர்களா என்று கேட்டேன்.

"யாருக்கு எழுதச் சொல்ற? ஜப்பான்காரனுக்கா? தேடிக் குடுக்க மாட்டான் தம்பி, புடிச்சு சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிருவான். அண்ணனுக்கு என்னா தொழில்?"

திவாலானதைச் சொன்னேன். பாய் கையைத் தட்டினார்.

"அத மொதல்ல சொல்லு லா! திவாலானவன் வீடு மாத்துனா கோர்ட்டு ஆபீசுக்கு எழுதணும். சட்டம் அது. பொண்டாட்டிகிட்ட சொல்லாம ஓடிரலாம், கோர்ட்டுகிட்ட சொல்லாம ஓட முடியாது. அவன் ஃபைலப் பாரு. அதுல இருக்கும் அட்ரஸ்."

அடுத்த ஓய்வு நாளில் மறுபடி கிள்ளானுக்கு ஓடினேன். கடை அங்கேதானே இருந்தது, கேஸும் அங்கேதான் இருக்கும் என்று நினைத்தேன். கோர்ட் வாசலில் இருந்த பியூன், திவால் கேஸ் எதுவும் இங்கே வராது, எல்லாம் கோலாலம்பூருக்குத்தான் போகும் என்றான். நான் குடியிருந்த இடத்திலிருந்து நடந்து போகும் தூரம் அது. வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கிள்ளான் ஸ்டேஷனில் வண்டிக்காகக் காத்திருந்த மூன்று மணி நேரமும் யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது.

கோலாலம்பூரில் ஃபைல் அறைக்கு ஒரு யாழ்ப்பாணத்துக் கிளார்க் இருந்தார். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அங்கே இருப்பவர். கால்சட்டை முழங்காலில் ஒட்டுப் போட்டிருந்தது. பேச்சில் மட்டும் இன்னும் பழைய அதிகாரம்.

"எந்த வருஷம்?"

"சண்டைக்கு முன்னால சார்."

"கேஸ் எல்லாம் சண்டைக்கு முன்னாலதான். இப்ப ஆர் வந்து திவாலாகினது? நாடே திவால். வருஷத்தைச் சொல்லும்."

எனக்கு வருஷம் நினைவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அண்ணன் கடையை மூடியபோது என் பிள்ளை தவழ ஆரம்பித்திருந்தான். அதை வைத்து வருஷத்தைப் பிடித்தேன். என் பிள்ளை தவழ்ந்ததை நினைத்துப் பார்க்க வேறு காரணம் அந்த நாட்களில் எனக்கு இல்லை. நினைக்கக் கூடாது என்றே வைத்திருந்தேன்.

கிளார்க் அந்த வருஷத்துப் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் போட்டார். பெயர் ஒரு பக்கம், கேஸ் நம்பர் ஒரு பக்கம். ஆங்கிலத்தில் பெயரும் நம்பரும் படிக்கும் அளவுக்கு எனக்கு எழுத்துத் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் ஷெட்டிலிருந்து ஓடிப்போவேன், வாசலில் நிற்கும் ஜப்பான் சென்ட்ரிக்குக் குனிவேன், இருபது நிமிஷம் பார்ப்பேன், மறுபடி குனிந்துவிட்டு ஓடுவேன். அந்த வருஷம் முழுவதும் பார்த்தேன். முந்தின வருஷம், பிந்தின வருஷம். அண்ணன் பெயர் இல்லை. எட்டு நாள் இப்படிப் போனது. ஒன்பதாம் நாள் கிளார்க் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உம்மட தமையன் கடை வைச்சிருந்தவரோ?"

"ஆமா சார்."

"பிறகேன் ஆளின்ரை பேரிலை தேடுறீர்? கடையின்ரை பேரிலை பாரும்."

"இத மொத நாளே சொல்லியிருக்கலாமே சார்!"

"நீர் கேட்டனீரோ?"

அவரை என்ன செய்ய? கடைப் பெயரில் பார்த்தேன். இரண்டு நிமிஷத்தில் கிடைத்தது.

ஃபைல் வந்தது. அட்டைதான் கனமாக இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. கட்டியிருந்த நாடாவுக்கு அடியில் கிழித்த தாள்களின் ஓரங்கள் மட்டும் சீப்புப் பல் மாதிரி நின்றன.

"தாளெல்லாம் எங்க சார்?"

"கடுதாசிக்கு எங்கை போறது? சீமையிலை இருந்தோ வரும்? ஒரு பக்கம் எழுதி மற்றப் பக்கம் வெறுமையாக் கிடந்த தாளெல்லாம் எடுத்தாச்சு. உம்மட ரேஷன் துண்டைத் திருப்பிப் பாரும்."

சட்டைப் பையில் இருந்த துண்டை எடுத்துத் திருப்பினேன். நான்கு மாதமாக அதை வைத்திருக்கிறேன், ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை. கட்டில் இரண்டு, சுவர்க் கடிகாரம் ஒன்று, நாற்காலி ஆறு என்று ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தது. எவனோ ஒருவனின் வீட்டுச் சாமான். எவன் என்று தெரியாது. அவன் நாற்காலிகளின் முதுகில் எனக்கு அரிசி அளந்துகொண்டிருந்தார்கள்.

அண்ணன் வீடு மாற்றியதாக எழுதிக் கொடுத்த பாரங்கள் எல்லாம் போய்விட்டன. அச்சடித்த பாரம், பின்பக்கம் காலி. முதலில் போவது அதுதான். ஃபைலில் மிஞ்சியிருந்தது இரண்டு பக்கமும் எழுதிய ஒரே ஒரு தாள். தமிழில், பென்சிலில், நுணுக்கி நுணுக்கி ஓரம்வரை எழுதியது. அண்ணன் கை. கிளார்க் தொடவிட்டார், எடுத்துப் போகக் கூடாது என்றார். நின்றுகொண்டே படித்தேன்.

"மதிப்பிற்குரிய துரை அவர்களுக்கு. முகவரியைப் பாரத்தில் எழுதியிருக்கிறேன்" என்று தொடங்கியிருந்தான். அதோடு முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. புது இடத்தில் ரயில் இன்ஜின் வந்து டேங்கில் தண்ணீர் பிடித்தால் தங்கள் குழாயில் தண்ணீர் நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தான். ஈயம் தோண்டும் லம்பத்துப் பம்பு இரைச்சலில் தூக்கம் வரவில்லை. ஒரு பல் விழுந்துவிட்டது. மீன் விலை ஏறிவிட்டது. இருமல் இப்போது தேவலை.

கோர்ட்டுக்கு எழுதுகிற சங்கதியா இது? எந்தத் துரை இதைப் படித்திருப்பான்? இவை தம்பிக்கு எழுத வேண்டியவை. தம்பிக்கு எழுதினால் திரும்பி வந்துவிடும். கோர்ட் திருப்பி அனுப்பாது.

"முடிஞ்சுதோ?" என்றார் கிளார்க்.

"முடிஞ்சுது சார்."

அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்கு இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

ஷெட்டில் ஒரு டிரைவரிடம் கேட்டேன். லம்பமும் தண்ணீர் டேங்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற, இன்ஜின் தண்ணீர் பிடித்தால் வீட்டுக் குழாய் நின்றுவிடுகிற ஸ்டேஷன் எது?

"வீட்டுக் கொழாய் நிக்குற அளவுக்கு ஒட்டினாப்ல இருக்கா? ரவாங் லா. இதுக்கா மண்டைய ஒடைச்ச? என்கிட்ட மொதல்லயே கேட்டிருக்கலாமே."

அடுத்த ஓய்வு நாள் ரயில்வே பாஸில் ரவாங் போய் இறங்கினேன். டேங்குக்குப் பின்னால் பலகை வீடுகள் ஒரு வரிசை. கடைசி வீட்டுக்குப் பக்கத்தில் மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான் அண்ணன். தலை முழுக்க நரைத்திருந்தது. கோணிச் சாக்கில் தைத்த கால்சட்டை. இரண்டு சின்னப் பிள்ளைகள் அவன் பின்னாலேயே திரிந்தன. வாசலில் ஒரு பெண் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

"கோர்ட்டுலேர்ந்து அனுப்புனாங்களா?"

"நானாத்தான் வந்தேன்."

"எடம் எப்புடித் தெரியும்?"

"கோர்ட்டுக்கு நீ எழுதுன கடுதாசியப் பாத்தேன்."

மண்வெட்டியை மண்ணில் ஊன்றினான். அப்புறம் சிரித்தான். முன்பல் ஒன்று இல்லை.

"ஒனக்கு எழுதுனதப் பிரிக்கல. கோர்ட்டுக்கு எழுதுனதத் தேடிப் போய்ப் படிச்சிருக்கியா? நல்லாருக்குடா."

"யாருங்க அது?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ரயில்வேல வேல செய்றவரு" என்றான்.

தம்பி என்று சொல்லவில்லை.

அவள் புருஷனை சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், சேதி இல்லை என்று பிறகு சொன்னான். அவித்த கிழங்கும் கருவாடும் வைத்தார்கள். பிள்ளைகள் அவன் மடியில் உட்கார்ந்து அவன் தட்டிலிருந்து எடுத்துத் தின்றன. சின்னது என் பக்கம் வரப் பார்த்தது, அப்புறம் பயந்து அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டது. நொடித்துப் போனவன் வீட்டில் அத்தனை பேர். சம்பளக்காரன் நான், என் அறையில் நான் மட்டும். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"என்னோட வந்துரு. அறை இருக்கு" என்றேன்.

"இவங்கள எங்க விடுறது? நீ வாயேன் இங்க. லீவு நாளுக்கு வந்து போ. ஒரு தட்டு கூட வைக்கிறதுல என்னா இருக்கு."

அதைக் கேட்கத்தான் மூன்று வாரம் நாயாக அலைந்தேன். ஆனால் ரயில்வேல வேல செய்றவரு என்ற வார்த்தை காதைவிட்டுப் போகவில்லை.

"லீவு கெடைக்காது" என்றேன். வாரத்துக்கு ஒரு நாள் கிடைத்தது. பாஸ் சட்டைப் பையிலேயே இருந்தது.

ஸ்டேஷன்வரை கூட வந்தான். பிளாட்ஃபாரத்தில் இரண்டு பேரும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வண்டி வரும் சத்தம் கேட்டதும் என் பக்கம் திரும்பினான்.

"அடுத்த தடவ வீடு மாத்துனா ஒனக்கும் ஒரு கடுதாசி போடட்டுமா?"

என்னிடம் அவன் அனுமதி கேட்டான். என்னைவிட ஆறு வயது மூத்தவன், கோர்ட்டில் கேட்கிற மாதிரி கேட்டான்.

"ஒன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு ஏறினேன். அவன் நின்ற பக்கத்து ஜன்னல் காலியாக இருந்தது. எதிர்ப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

ஜப்பான்காரன் போகும்வரை நான் ரவாங்கில் இறங்கவில்லை. தபால்காரர் குவார்ட்டர்ஸ் பக்கம் வரும்போதெல்லாம் வெளியே வந்து நிற்பேன். "ஒங்களுக்கு ஒண்ணுமில்லண்ணே" என்பார். கொஞ்ச நாளில் அதைச் சொல்வதையும் விட்டுவிட்டார், தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.