திண்டிவனத்தில் இறங்கிய விமானம்

“ஏம்ப்பா, பத்திரிகையில எழுதறது நீதானே? ஏரோப்ளேனு ரிப்பேரு பண்ணுவியா?”

போன மாதம் ஒரு சனிக்கிழமை. விழுப்புரத்தில் என் ரேடியோ ரிப்பேர் கடை வாசலில் நின்றுகொண்டு ஓர் அம்மாள் இப்படித்தான் கேட்டார். ஐம்பத்தைந்து வயசிருக்கும். கையில் மஞ்சள் பை. திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

ரேடியோ, டேப்ரிக்கார்டர், டி.வி., கல்யாண வீட்டு மைக் செட் — இதெல்லாம் பார்ப்பேன். ஒரு பல் டாக்டரின் நாற்காலியைச் சரிசெய்துவிட்டு, அந்தப் பெருமையை இதே பக்கத்தில் நீட்டி முழக்கியதையும் நீங்கள் பொறுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் ஏரோப்ளேன்...?

பையிலிருந்து வெளியே வந்தது ஒரு கறுப்புப் பெட்டி. நோட்டுப் புத்தகம் அளவுதான் இருந்தது. மேலே வரிசை வரிசையாக ரப்பர் பட்டன்கள். கம்ப்யூட்டர். டி.வி.யில் செருகினால் வேலை செய்யும் வகை. படத்தில் பார்த்திருக்கிறேனே தவிர, கையால் தொட்டது அன்றுதான். அதைக் காட்டிக்கொள்ள முடியுமா? “ஓ, இதுவா” என்றேன்.

அந்த அம்மாள் பெயர் தனம். ஸ்டூலில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

“எம் மவன் சேகரு மஸ்கட்ல ஏ.சி. மெக்கானிக்கா இருக்கான். மருமவளுக்கு விசா வந்துட்ச்சு. அவ இன்னாடான்னா ப்ளேன் ஏற மாட்டேன்றா. மீனம்பாக்கம் வரிக்கும் இட்டுக்கினு போனேன். கதவாண்ட போயி நின்னுகினு, என்னால முடியாது அத்தைன்னுட்டா. மூட்ட முடிச்சோட திரும்பி வந்துட்டோம். அதுக்குத்தான் அவன் கூட்டாளிகிட்ட இந்தப் பெட்டியக் குடுத்து அனுப்பினான். இதுல ப்ளேனு ஓட்டிப் பாத்தா பயம் போயிடும்ங்கறான். ஆனா இது ஓட மாட்டேங்குதே.”

“மருமகள் என்ன சொல்றாங்க?”

“பொம்ம ப்ளேனே கெளம்பல, நெசப் ப்ளேன்ல என்னை ஏறச் சொல்றீங்களான்னு கேக்கறா. நான் இன்னா பதில் சொல்றது? வர்ற வியாழக்கிழமைக்கு மறுக்கா டிக்கெட் போட்டுருக்கான். இந்த மாசத்துக்குள்ள போவலன்னா விசா போயிடும். கல்யாணம் ஆயி நாலு வருஷம்ப்பா. சேந்து இருந்தது மூணு மாசம்.”

கடைசி வாக்கியத்தை அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. மேஜை மேலிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. ஆனால் இந்தப் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? ப்ளேன் விளையாட்டு இருப்பது பெட்டியோடு வந்த கேசட்டில். கேசட்டும் டேப்ரிக்கார்டரும் டி.வி.யும் இருப்பது திண்டிவனத்தில். மறுநாள் ஞாயிறு. கடைக்கு லீவு. “நானே வர்றேம்மா” என்றேன்.

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு, ஸ்க்ரூ டிரைவர்கள், மல்டிமீட்டர் சகிதம் போய் இறங்கினேன். வீட்டின் முன்பக்கம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். ஆறு மெஷின்கள். மருமகள் வசந்தாதான் அதை நடத்துகிறார். டேபிளைத் துடைப்பது, பரீட்சைக்குப் பணம் கட்டுவது, ரிப்பன் மாற்றுவது... எல்லாம் அவரே. பேச்சும் டைப் அடிப்பது போலவே — சுருக்கமாக, தப்பில்லாமல்.

“சும்மா அலைய வெச்சுட்டாங்க உங்களை. அது ஓடாதுண்ணே” என்றார்.

இப்படி ஒருவர் சொல்லிவிட்டால் எனக்குப் போதும். சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் கரண்ட். மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஸ்டெபிலைசர் ஒழுங்காக இருந்தது. அடுத்து டி.வி. ட்யூனரைத் திருகித் திருகி, பனி கொட்டுவது நின்று, கம்ப்யூட்டரின் எழுத்து பளிச்சென்று வந்தது. பெட்டிக்குள் இருந்த இங்கிலீஷ் புத்தகத்தை வசந்தா படித்துச் சொல்ல, டேப்ரிக்கார்டரின் இயர்போன் ஓட்டையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர் செருகி, கேசட்டைப் போட்டேன். ப்ளேன் முழுவதும் அந்தக் கேசட்டில் வெறும் சத்தமாகத்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் அதைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். ஐந்து நிமிஷம் பிடிக்கும்.

கீ...ங் என்று ஓர் ஊளை. அப்புறம் கர்ர்ர் என்று ஓர் இரைச்சல். ஸ்பீக்கரில் பிரமாதமாகக் கேட்டது. “பார்த்தீங்களா, கேசட் நல்லாத்தான் இருக்கு” என்றேன் பெருமையாக.

டி.வி.யில் ஒன்றும் வரவில்லை.

கேசட்டைப் படிக்கிற ஹெட்டைத் துடைத்தேன். ஹெட்டின் பக்கத்து ஸ்க்ரூவைக் கால் சுற்று இப்படி, கால் சுற்று அப்படி. வால்யூமைக் கூட்டினேன், குறைத்தேன். ஒரு மணி நேரம் ஓடியது. இரைச்சல் மட்டும் தெருவுக்கே கேட்டது. வசந்தா உள்ளே போய் காபியோடு வந்தார்.

காபியை வாயில் வைக்கும்போதுதான் உறைத்தது. அட மடையா... இயர்போன் ஓட்டையில் ஒயரைச் செருகினால் ஸ்பீக்கர் வாயை மூட வேண்டுமே? இருபது வருஷமாக ஊருக்கே நான் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. இத்தனை நேரம் அந்தச் சத்தத்தை ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்படியென்றால் ஒயர் முழுசாக உள்ளே போகவே இல்லை.

ஊக்கு ஒன்று வாங்கி ஓட்டைக்குள் விட்டுச் சுரண்டினேன். மஞ்சளாகப் பொடி பொடியாக உதிர்ந்தது. மோந்து பார்த்தேன். சந்தனம்.

புது சாமான் வீட்டுக்கு வந்தால் பொட்டு வைக்காமல் யார் விடுவார்கள்? பம்ப் செட்டுக்கு வைக்கிறோம், பஸ்ஸுக்கு வைக்கிறோம். இதற்கு மட்டும் என்ன குறை? ஆனால் இதைச் சொன்னால் மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் என்ன ஆகுமோ என்று பயந்து, “ஒண்ணுமில்லை, தூசி” என்றேன்.

தனம்மாள் குனிந்து பார்த்தார். “தூசி எங்கப்பா மஞ்சளா இருக்கும்? நான்தான் வெச்சேன். போற காரியம் நல்லபடியா நடக்கட்டும்னு டி.வி.க்கு ஒண்ணு, அந்தப் பெட்டிக்கு ஒண்ணு, இதுக்கு ஒண்ணு. அந்தக் குழி பொட்டு வெக்கறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருந்திச்சு.”

வசந்தா மாமியாரைப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “நீங்களே என்னைப் போவ விடாம அடைச்சுட்டீங்களா அத்தை?”

“அடிப் போடி” என்றார் தனம்மாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது ஒயர் டக்கென்று உள்ளே போனது. ஸ்பீக்கர் அடங்கியது. டி.வி. ஓரத்தில் கோடுகள் ஓட ஆரம்பித்தன. ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டது ஐயா, விமானம். மேலே வானம், நடுவே ஒரு கோடு, கீழே வட்ட வட்டமாக மீட்டர்கள்.

மெக்கானிக் என்ற உரிமையில் முதலில் நான்தான் ஓட்டினேன். வேகத்துக்கு ஒரு பட்டன், மூக்கைத் தூக்க ஒரு பட்டன். பட்டனைத் தேடிக் குனிந்தேன்; நிமிர்வதற்குள் ப்ளேன் தரையில். மூன்று தடவை இப்படியே. பட்டனைப் பார்த்தால் மீட்டர் தெரியாது, மீட்டரைப் பார்த்தால் பட்டன் தெரியாது.

“எழுந்திருங்கண்ணே” என்றார் வசந்தா.

உட்கார்ந்தார். முதுகு நேராக. கண் டி.வி.யில். விரல்கள் பட்டன் மேல். பார்க்காமல் அடிப்பதுதானே அவருக்குத் தொழில்? ப்ளேன் ஓடியது, கிளம்பியது, மேலே போனது... பட்டென்று திரை வெளுத்து எல்லாம் போய்விட்டது.

மறுபடி கேசட். மறுபடி ஐந்து நிமிஷம். மறுபடி கிளம்பியது. மறுபடி வெளுத்தது. எனக்கு ஆனது போல ப்ளேன் விழவில்லை. கம்ப்யூட்டரே அணைந்து அணைந்து எரிகிறது. மீட்டரை எடுத்துக்கொண்டு நான் தேட ஆரம்பிக்க, கண்டுபிடித்தவர் வசந்தா. டைப்ரைட்டரில் அடித்துப் பழகிய விரல். ஒவ்வொரு அடிக்கும் பெட்டி குதிக்கிறது. குதித்தால் பின்னால் கரண்ட் ஒயர் ஒரு நொடி விடுகிறது. டைப் மெஷினுக்கு அடியில் போடுகிற கம்பளித் துண்டு ஒன்றை உருவி வந்து பெட்டிக்கு அடியில் போட்டார். ஆட்டம் நின்றது. நான் மீட்டரைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

மூன்றாவது முறை கேசட் ஓடும்போது, டி.வி. கோடுகளைப் பார்த்தபடி அவரே பேசினார்.

“ப்ளேன் விழுந்துடும்னு இல்லண்ணே. எது நடந்தாலும் கையைக் கட்டிக்கினு உக்காந்துகினு இருக்கணுமே... அதான் என்னால முடியல. இந்த வீட்டுல எல்லாத்தையும் நான்தான் பாத்துக்கறேன். அங்க ஏறி உக்காந்தா நான் பண்றதுக்கு ஒண்ணுமே இல்ல.”

தனம்மாள் மருமகளின் தலையைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

இதற்குள் மணி ஐந்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சினிமா பார்க்கத் தெருவே வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டது. படம் எங்கே, இது என்ன பேஜாரு என்று முணுமுணுத்தார்கள். விஷயம் தெரிந்ததும் அடங்கிவிட்டார்கள். வசந்தா மீனம்பாக்கத்திலிருந்து திரும்பி வந்தது அந்தத் தெருவுக்கே தெரிந்த கதைதானே.

இந்த முறை ப்ளேன் வெளுக்காமல் பறந்தது. வசந்தா முதல் தடவை தரையிறக்கப் பார்த்தபோது மூக்கு குத்தி விழுந்தது. இரண்டாம் தடவை ஓடுபாதையைத் தாண்டிப் போனது. மூன்றாவது முறை எதிர்வீட்டு பஸ் கண்டக்டரால் சும்மா இருக்க முடியவில்லை.

“லெஃப்ட்ல ஒடி... இன்னும் ஒடி... நேரா வா, வா, வா...”

“சக்கரத்த எறக்குனியாடி?” என்றார் தனம்மாள்.

“எறக்கிட்டேன் அத்தை. பேசாதீங்க.”

திரையில் இரண்டு கோடுகள் விரிந்துகொண்டே வந்தன. உயரம் குறைந்தது. வேகம் குறைந்தது. ப்ளேன் ஒரு குதி குதித்தது, இன்னொரு சின்னக் குதி, ஓடியது, நின்றது.

“திண்டிவனம் எறங்கு” என்றார் கண்டக்டர், பழக்க தோஷத்தில்.

எல்லாரும் சிரித்தார்கள். வசந்தா சிரிக்கவில்லை. கையைப் பட்டனிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“மூணு மீட்டரையும் ஒரே நேரத்துல பாக்கணும்ண்ணே. ஒரு நொடி கண்ணை எடுக்க முடியல” என்றார். அப்புறம், “தெனமும் இதைச் செய்யறவரு முன்னாடி உக்காந்திருப்பாரு, இல்ல?”

“ரெண்டு பேரு இருப்பாங்க” என்றேன்.

தலையாட்டிக்கொண்டார். “வியாழக்கிழமை போறேன் அத்தை.”

தனம்மாள் அடுப்படிப் பக்கம் போய்விட்டார். வெளியே வர ரொம்ப நேரமானது. வரும்போது கண் சிவந்திருந்தது. கையில் ஒரு தட்டு நிறைய வேகவைத்த மல்லாட்டை — வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர். அதைக் கொறித்துக்கொண்டே பாதி சினிமாவை நானும் பார்த்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு நிறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை.

திரும்பும்போது பஸ்ஸில் ஒன்று கவனித்தேன். லாரி குறுக்கே வந்தபோதெல்லாம் பயணிகள் அத்தனை பேரின் வலது காலும் தரையை அழுத்தியது... என் காலும்தான். அங்கே என்ன, பிரேக்கா இருக்கிறது? ஆனாலும் அழுத்துகிறோம். அழுத்தியதால்தான் பஸ் நின்றது என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி வேறு. நம்மில் பாதிப் பேர் ஊரை, ஆபீஸை, பிள்ளைகளை இப்படித்தான் நடத்திக்கொண்டிருக்கிறோம். அடுத்தவர் வேலை எத்தனை கஷ்டம் என்று ஒரு தடவை நம் கையால் செய்து பார்த்தால், அந்தக் கால் கொஞ்சம் ஓய்வெடுக்கும் போலிருக்கிறது. பயந்தவரிடம் பயப்படாதே என்று சொல்வதைவிட, அவர் கையில் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைக் கொடுத்த வசந்தாவின் கணவர் சேகர் என்னைவிட நல்ல மெக்கானிக்.

வியாழக்கிழமை வசந்தா போனாரா என்று கேட்பீர்கள். மஸ்கட்டிலிருந்து நேற்று எனக்குக் கடிதம் வந்தது — டைப் அடித்து, ஒரு தப்பில்லாமல்.

“நாங்கள் இருவரும் சௌக்கியம். பம்பாயில் பைலட் கொஞ்சம் அவசரப்பட்டு டங்கென்று இறக்கிவிட்டார். மஸ்கட்டில் பரவாயில்லை. ஆனாலும் அண்ணே, நானாக இருந்தால் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே வேகத்தைக் குறைத்திருப்பேன்.”