சூடு சொன்ன மெக்கானிக்

என் வீட்டுக்காரரை டயாலிசிஸுக்குத் தஞ்சாவூர் கூட்டிப்போகும் வழியில், நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றபோது எங்கள் பழைய காரில் இன்ஜின் விளக்கு எரிந்தது. "இன்னிக்குப் போய்ச் சேர மாட்டோம்" என்றார். வாரம் மூன்று தடவை போய்ப் போய், எனக்கும் தெம்பில்லை.

கேட் ஓரத்து மெக்கானிக்கை, வண்டி ஓட்டி வந்த எங்கள் மகன் கூட்டி வந்தான். ஒல்லியான, நரைத்த மனிதர். ஸ்டியரிங்குக்கு அடியில் தீப்பெட்டி அளவு கருவியைச் செருகினார். செல்போனை வேட்டியில் துடைத்துத் துடைத்து, அந்தக் கருவி காட்டுவதை ஏதோ ஆப்பில் பார்த்தார். பானெட்டையும் திறந்தார்.

"எலி ஒயரைக் கடிச்சிருக்கும்மா. அறுப்பு முடிஞ்சா வயல் எலிக்கெல்லாம் கார்தான் வீடு. வண்டி ஓடும்."

"அந்த விளக்கை அழிச்சிடுங்க. இவர் பயப்படுறார்."

"அழிச்சா அம்மாப்பேட்டையில மறுபடி எரியும். ஐயா ரெண்டு தடவை பயப்படணுமா?"

"நானும் தஞ்சாவூர் வரைக்கும் வர்றேன்" என்று சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். போனைப் பார்த்துப் பார்த்து இன்ஜின் சூட்டைச் சொல்லிக்கொண்டே வந்தார். "எண்பத்தெட்டு. நல்லாருக்குங்க ஐயா." ஆஸ்பத்திரியில் கெட்ட எண்களையே கேட்டுப் பழகிய என் வீட்டுக்காரர், "இப்ப எவ்வளவு?" என்று தாமே கேட்க ஆரம்பித்தார்.

நான் அதிகம் படிக்காதவள். ஆனால் கண் நன்றாகத் தெரியும். சாலியமங்கலம் தாண்டி, பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தேன். போனில் சார்ஜ் தீர்ந்து திரை கறுத்துக் கிடந்தது.

"எண்பத்தொன்பதுங்க ஐயா" என்றார் அந்த மனிதர்.

எவ்வளவு தூரமாக அப்படிச் சொல்லி வந்தார் என்று நான் கேட்கவில்லை.