குளத்துச் சேறு

முக்குளிப்பான் பறவை தண்ணீருக்குள் மூழ்கியதும் யுவஸ்ரீ மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். அது வேறெங்காவது தலை நீட்டும்வரை விடுவதில்லை. குறிச்சிக் குளக்கரையில் நடக்க வருகிறவர்களுக்குக் கன்னம் உப்பி நிற்கும் இந்தப் பெண் பழகிப்போய்விட்டாள்.

எங்கள் எதிர்வீடு. விலங்கியலில் முதுகலை முடித்தவள். பறவைக் கணக்கெடுப்பு நடக்கும் இடங்களுக்கெல்லாம் வேலை கேட்டு எழுதினாள், பதில் இல்லை. தூரத்தில் ஒரு பறவையைக் காட்டி என்னவென்று கேட்டால், "தெரியலீங்க, பறக்கட்டும், சொல்றேன்" என்பாள். இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை. ஆனால், 'தெரியலீங்க' என்று எங்கள் தெருவில் வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவள் ஷூவில் அப்பி வரும் சேறுதான் வீட்டில் தினமும் பேச்சு. நூல் மில்லில் இரவு ஷிஃப்ட் முடித்து, தலையில் ஒட்டிய பஞ்சோடு அம்மா செவ்வந்தியும் காலையில் அவள் திரும்பும் நேரத்துக்கே வந்து சேர்வாள்.

"ஏன் அம்மணி, கொளத்துல பாதிய ஊட்டுக்குக் கொண்டாந்துபோட்டியே!"

"நீ மில்லுல பாதியத் தலையில கொண்டாரலையா?"

இருவரும் சிரிப்பார்கள். செவ்வந்தி சிரித்துக்கொண்டே சுவரைப் பிடித்து உட்காருவாள். முழங்கால் மடங்காது.

போன வாரம் பல்லடம் பக்கம் ஒரு கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்திலிருந்து மேற்பார்வையாளர் வேலைக்கு அழைப்பு வந்தது.

"கோழியும் பறவைதானே கண்ணு."

"அது பறக்காதும்மா."

"நானுந்தான் பறக்கல. சோறு திங்கலையா?"

வேலையில் ஒரு விதி உண்டு. சேர்ந்துவிட்டால் குளம், ஏரிப் பக்கமே போகக்கூடாது, விடுமுறை நாளில்கூட. நீர்ப்பறவைகளிடமிருந்து கோழிகளுக்கு நோய் தொற்றிவிடும் என்ற பயம்.

"நியாயந்தானுங்க," என்றாள் என்னிடம். "பரீட்சையில நானே அப்படித்தான் எழுதுனேன். அதனால ஏமாத்திப்போட்டுக் கொளத்துக்குப் போகவும் மனசு வராதுங்க."

பிடிக்காத வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது மிஞ்சும். இவளுக்கு அதுவும் இல்லை. விருப்பம், கடமை என்று தனித்தனி அத்தியாயங்களாக நான் படித்திருக்கிறேன். எதிர்வீட்டில் இரண்டும் ஒரே காலையில் ஒரே வாசலுக்கு வந்து நிற்கின்றன.

"போகட்டுமாம்மா?" என்று அவள் கேட்டது முந்தாநாள் என் காதிலும் விழுந்தது.

"உனக்குப் புடிச்சாப் போ. நான் ஒன்னுஞ் சொல்லல." செவ்வந்தி முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

நேற்றுக் காலை பொரிப்பகத்திலிருந்து போன். வாசல் குழாயடியில் நின்று பேசினாள்.

"சரிங்க. திங்கக்கெழம வந்தர்றேனுங்க."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு ஷூவைக் கவிழ்த்தாள். அடிப்பள்ளங்களில் காய்ந்திருந்த சேற்றை ஈர்க்குச்சியால் நெம்பி எடுத்தாள். பிறகு குழாயைத் திறந்துவிட்டுத் தேய்த்தாள். தண்ணீர் தெளிந்து ஓடத் தொடங்கிய பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.