உரக்கடையில் தேய்த்த விமான டிக்கெட்

போன செவ்வாய்க்கிழமை மதியம் போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் உரக்கடையில் என்னை மோசடிப் பேர்வழி என்று பிடித்து, யூரியா மூட்டை மேல் உட்கார வைத்தார்கள். அதில் பாதித் தப்பு என்னுடையது. நிதானமாக யோசித்துப் பார்த்தால்... மீதிப் பாதியும் என்னுடையதுதான்.

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் வாராவாரம் இந்தப் பக்கத்தில் ஊரார் அசட்டுத்தனத்தையெல்லாம் உங்களிடம் அளந்துவிட்டு, என்னுடையதை மட்டும் ஒளித்தால் நியாயமா?

என் மனைவி ஈஸ்வரிக்கு ஒரே தங்கை. பெயர் ராதா. அகமதாபாத்தில் இருக்கிறாள். கணவர் கப்பலில் வேலை பார்க்கிறவர். இப்போது ஏதோ ஒரு கடலின் நடுவில் இருக்கிறார். ராதாவுக்கு வியாழக்கிழமை காலை கர்ப்பப்பை ஆபரேஷன். "அக்கா, நீ பக்கத்துல இருந்தாத்தான் நான் உள்ள போவேன்" என்று சொல்லிவிட்டாள்.

ஈஸ்வரி அன்றைக்கே ரயில் டிக்கெட் எடுத்துவிட்டாள். உறுதியான டிக்கெட். கீழ் பெர்த். அந்தப் பக்கம் தினமும் ரயில் கிடையாது என்பதால் அது ஒரு சாதனை.

அந்த டிக்கெட்டைக் கேன்சல் செய்ய வைத்தவன் நான்.

"ரெண்டு ராத்திரி ரயில்ல கெடந்து எதுக்குக் கஷ்டப்படணும்? ரெண்டு பேருமா பிளைட்டுல போவோம். எல்லாம் கார்டு பாயின்ட்டு. பைசா செலவில்ல."

"டிக்கெட்டு போட்டாச்சா?"

"போட்டாச்சு."

போடவில்லை. போட்ட மாதிரிதான் என்று நினைத்திருந்தேன். இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்பது இருபது நாள் கழித்துத்தான் தெரிந்தது.

என்னிடம் இரண்டு கார்டுகள் உண்டு. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். சிவப்பில் நூறு ரூபாய் செலவழித்தால் பாயின்ட் கொட்டும். கொட்டியதை மிக்ஸியாகவோ குக்கராகவோ மாற்றப் போனால், ஒரு பாயின்ட் கால் ரூபாய்கூடப் பெறாது. விமானக் கம்பெனியின் மைல்களாக மாற்றலாம். ஆனால் நாலு பாயின்ட் உள்ளே போனால் ஒரு மைல்தான் வெளியே வரும். அதுவும் சில நாள் கழித்து. மாற்றியதைத் திரும்ப வாங்கவும் முடியாது. நீலத்தில் பாயின்ட் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். ஆனால் அவர்களுடைய தளத்திலேயே விமான டிக்கெட் எடுத்தால் ஒரு பாயின்ட் முழுசாக ஒரு ரூபாய். தவிர, வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைச் செலவழித்து முடித்தால், மொத்தமாக ஒரு போனஸ் உண்டு.

ஏலக்காய் ஏல மையத்தில் வியாபாரிகள் காயைத் தட்டில் கொட்டி, எட்டு மில்லிமீட்டர் பருமனா ஏழா, பச்சை நிற்கிறதா வெளிறுகிறதா என்று உருட்டிப் பார்ப்பார்களே... அப்படிப் பார்த்துத்தான் நீலத்தைத் தேர்ந்தெடுத்தேன். டிக்கெட்டின் விலையும் ஏலக்காய் விலை போலவே தினம் ஏறி இறங்கியது. நாளைக்கு இறங்கும், நாளைக்கு இறங்கும் என்று காத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை. இனியும் காத்திருக்க நாள் இல்லை. ரயில் ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டது. புதன்கிழமை விமானத்தில் ஏறியாக வேண்டும். கார்டின் ஆப்பைத் திறந்தேன். சிவப்பு எழுத்தில் ஒரு வரி — போனஸுக்கு இன்னும் முப்பத்தெட்டாயிரம் ரூபாய் செலவு பாக்கி. கடைசி நாள்: இன்று.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். நான் எப்போதோ அந்தத் தொகையைத் தாண்டிவிட்டேனே?

"பெட்ரோல் போட்டது, நகை வாங்கினது, இன்சூரன்ஸ் கட்டினது எதுவும் இதுல சேராது சார்" என்றது ஒரு இனிமையான குரல்.

"எங்கம்மா சொல்லியிருக்கு?"

"விதிமுறைகள்ல பதினோராவது பக்கம் சார்."

நான் பத்துப் பக்கம் வரை படித்திருந்தேன்.

போனஸ் இல்லாமல் ஒரு டிக்கெட்டுக்குக்கூடப் பாயின்ட் பற்றாது. காசு கொடுத்து எடுக்கலாமே என்பீர்கள். மாதக் கடைசி. மறுநாளைய விமானத்தின் விலையைப் பார்த்தேன். பிறகு என் வங்கிக் கணக்கைப் பார்த்தேன். இரண்டும் ஒன்றையொன்று அறிமுகமே இல்லாதவை போல் இருந்தன. 'பைசா செலவில்ல' என்று சொல்லிவிட்டு, கார்டில் கடனாக எடுக்கவும் மனம் வரவில்லை.

உள்ளே ஈஸ்வரி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். "என்னங்க, பருப்புப் பொடிய பிளைட்டுக்குள்ள விடுவாகளா?"

"விடுவாக" என்றேன். எங்களை விடுவார்களா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

என் நண்பன் தங்கவேலுக்குப் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம். காய் காய வைக்கிற டிரையருக்கு அவன் அன்று ஒரு மோட்டார் வாங்க வேண்டும். விலை நாற்பதாயிரத்துக்குச் சற்றுக் கீழே. "மேல வா. வெளியூருக் கம்பெனிக்காரன் அனுப்புற லிங்க்குல ஒன் கார்டப் போட்டு நீ கட்டிரு. ரொக்கத்த நான் தர்றேன்" என்றான். கடவுளே பேசியது போல் இருந்தது.

தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில் ஏறினேன். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வயிறு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தூக்குச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார். அவருக்குக் கார்டு இல்லை போலிருக்கிறது.

தோட்டத்து வீட்டு வைஃபையில் லிங்க் வந்தது. கார்டு எண்ணைத் தட்டினேன். ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது. வரவில்லை.

"இங்க ரேஞ்சு கெடையாதுடா. அந்தப் பாறை மேல ஏறு" என்றான் தங்கவேல்.

ஏறினேன். ஒரு கோடு சிக்னல். மறுபடி தட்டினேன். ஓடிபி மூன்று நிமிடத்துக்குத்தான் உயிரோடு இருக்கும். நாலாவது நிமிடத்தில் வந்தது. அடுத்ததற்குக் காத்திருந்தபோது முதலில் அனுப்பியது வந்து சேர்ந்தது. புதியது என்று நினைத்து அதைப் போட்டேன். மூன்றாவது தடவை அவசரத்தில் ஒரு எண் மாறிவிட்டது.

உடனே ஒரு செய்தி வந்தது. இது மட்டும் நொடியில் வந்தது! பாதுகாப்பு கருதி, இன்று முழுவதும் என் கார்டில் ஆன்லைன் செலவு நிறுத்தப்படுகிறதாம். கடையில் நேராகப் போய்த் தேய்த்தால் மட்டும் வேலை செய்யுமாம்.

"நான் கீழ வந்து கடையில வேற மோட்டாரு வாங்கணுமின்னா டிரையர ஆரு பாக்குறது? காய் கருகிப் போகும்டா" என்றான் தங்கவேல். மோட்டாருக்கான பணத்தைப் போடியில் இருக்கும் தன் அண்ணனையே லிங்க்கில் கட்டச் சொல்லிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியுமா?

அதே ஜீப்பில் கீழே இறங்கினேன். மணி இரண்டரை. கடையில் தேய்க்க வேண்டும், யாராவது ஒருவருடைய பில்லுக்கு. போடியில் மொத்தமாக ரொக்கத்தைக் கொண்டுவந்து கொட்டுகிற இடம் எது? உரக்கடை!

உள்ளே நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். சிலமலையிலிருந்து வந்த சென்றாயன் என்பவர் சொட்டுநீர்க் குழாய்க்கும் உரத்துக்கும் பில் போட்டுவிட்டு, ரப்பர் பேண்டு போட்ட நோட்டுக் கட்டை வெளியே எடுத்தார். நான் அவர் காதருகே குனிந்தேன். குனிந்தது முதல் தப்பு.

"அண்ணே, ஒரு சின்ன உதவி. அந்த ரொக்கத்த எங்கிட்டக் குடுங்க. ஒங்க பில்லுக்கு நான் என் கார்டத் தேய்ச்சிர்றேன்."

அவர் நோட்டுக் கட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "எதுக்கு?"

"எனக்குப் பாயின்ட் வரும்."

"எனக்கு என்ன வரும்?"

"ஒங்களுக்கு ஒண்ணும் வராது. ஒங்ககிட்டருந்து ஒண்ணும் போகவும் போகாது."

இதைவிடச் சந்தேகமான வாக்கியத்தை நான் என் எழுத்து வாழ்க்கையில் எழுதியதில்லை.

பூச்சி மருந்து வாங்க வந்திருந்த ஓர் அம்மாள் திரும்பினார். "ஆத்தாடி! இப்பிடித்தேன், பேங்குலருந்து பேசுறேன், பாயின்ட்டு வந்திருக்குன்னு சொல்லி எங்க மாமங்கிட்ட மொத்தத்தையும் வழிச்செடுத்துட்டானுக. வெளிய விடாதீக!"

கதவு பாதி சாத்தப்பட்டது. என் போனைக் கடைக்காரர் வாங்கிக்கொண்டார். யூரியா மூட்டையைக் காட்டி, "உக்காருங்க சார்" என்றார். 'சார்' என்றது இன்னும் பயமாக இருந்தது.

"நான் பத்திரிகையில எழுதுறவன்ணே" என்றேன்.

"அப்பச் சந்தேகமே இல்ல" என்றார் சென்றாயன்.

இந்தப் பத்தியின் மேலே போடுகிற என் படத்தைப் போனில் தேடிப் பார்க்கச் சொன்னேன். கடைக்காரர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது ஒங்க தம்பியா?" படத்தில் எனக்கு முடி இருக்கிறது.

"பேசிக்கிட்டே நிக்கிறீக, வெரசா ஸ்டேசனுக்குப் போனப் போடுங்கப்பா" என்றார் அந்த அம்மாள்.

அப்போது என் போன் அடித்தது. கடைக்காரர் எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏம்மா, இந்தப் போனு யாருது?"

"எங்க வீட்டுக்காரரோடது. நீங்க யாரு? அவருக்கு என்ன ஆச்சு?" ஈஸ்வரியின் குரல்.

"ஒண்ணும் ஆகல. இங்க உரக்கடையில வந்து, நிக்கிறவுகட்ட எல்லாம் ரொக்கம் கேட்டுக்கிட்டு இருக்காரு."

"அவருகிட்டக் குடுங்க" என்றாள்.

போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்கள்.

"என்னங்க, ராதா டிக்கெட்ட அனுப்பச் சொல்றா. எத்தன மணிக்கு வந்து சேருவோம்னு நாலு தடவ கேட்டுட்டா. அனுப்புங்க."

பொய் சொல்ல எத்தனையோ நல்ல இடங்கள் இருக்கின்றன. ஐந்து பேர் சுற்றி நிற்கிற உரக்கடை அதில் சேராது.

"டிக்கெட்டு... இன்னும் போடல ஈஸ்வரி."

"இருவது நாளைக்கு முன்னாடி போட்டாச்சுன்னீகளே?"

"போடல."

"ரயிலு போயிருச்சேங்க."

"ம்."

"நாளன்னிக்கு அவள உள்ள கூட்டிட்டுப் போயிருவாக..." திட்டவில்லை. போன் வைக்கப்பட்ட சத்தம் மட்டும் அந்தக் கடை முழுக்கக் கேட்டது.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. மூட்டை மேல் உட்கார்ந்தபடியே ஆபரேஷன், கப்பல், ரயில், பதினோராவது பக்கம் எல்லாவற்றையும் சொன்னேன். சென்றாயன் முழுசாகக் கேட்டார்.

"ஆக, ஒரு ஓசி டிக்கெட்டுக்காக அந்தப் புள்ளையோட ரயில விட வச்சிருக்கீக?"

"ஆமாண்ணே."

"படிச்சவுகதானே?"

"ஆமாண்ணே."

நோட்டுக் கட்டை என் மடியில் போட்டார். "தேயுங்க."

இருபத்து மூன்றாயிரம். அந்த அம்மாளும் தன் பணத்தைக் கொடுத்தார். "ரசீத மொதல்ல எங் கையில கொண்டா" என்று கடைக்காரரிடம் வாங்கி, மடித்து வைத்துக்கொண்ட பிறகு. இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். கார்டுக்கு இரண்டு சதவீதம் கூடுதல் என்றார் கடைக்காரர். அதை நான் ஏற்றுக்கொண்டேன். நாலரை மணிக்கு முப்பத்தெட்டாயிரத்தைத் தாண்டினேன். போன் சிணுங்கியது.

வாழ்த்துகள்! நீங்கள் இலக்கை எட்டிவிட்டீர்கள். உங்கள் போனஸ் பாயின்ட்கள் நாற்பத்தைந்து வேலை நாட்களுக்குள் வரவு வைக்கப்படும்.

நாலைந்து முறை படித்தேன். எந்தப் பக்கத்தில் சொல்லியிருந்தார்களோ! சேர்க்கும்வரை பாயின்ட் நம்முடையது. செலவழிக்கப் போகும்போதுதான் அது அவர்களுடையது என்று தெரிகிறது.

கையில் சென்றாயன் அண்ணனின் ரப்பர் பேண்டு கட்டும் மற்றவர்களின் நோட்டுகளும் இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு நேரே டிராவல்ஸ் ஆபீசுக்கு ஓடினேன். அந்தப் பணத்துக்கு ஒரு டிக்கெட்தான் வந்தது. மதுரையிலிருந்து, சென்னை வழியாக. கார்டு பில் அடுத்த மாதம் வரும்; அதை அடுத்த மாதத்து நான் பார்த்துக்கொள்ளட்டும்.

வீட்டில் ஈஸ்வரி கட்டிய பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டிக்கெட்டைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒண்ணுதான் இருக்கு?"

"ஒண்ணுதான்."

பெட்டியைத் திறந்தாள். என் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். அவ்வளவுதான் அன்றைய பேச்சு.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ராதாவை உள்ளே அழைத்துப் போனதாக ஒரு வரி வந்தது. பதினொன்றுக்குள் முடியும் என்றார்களாம். பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. ஒன்று. நான் போட்ட போனை ஈஸ்வரி எடுக்கவில்லை. கோபமா, வேறு ஏதாவதா? கோபமாக இருக்க வேண்டும் என்று ஒரு கணவன் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான் இருக்கும்.

ஒன்றே முக்காலுக்குக் கூப்பிட்டாள்.

"நல்லபடியா முடிஞ்சிருச்சு. ரத்தம் ஏத்த வேண்டியதாப் போச்சு, அதான் லேட்டு. உள்ள போற வரைக்கும் என் கைய விடல அவ."

"முழிச்சிட்டாளா?"

"முழிச்சா. கண்ணத் தொறந்ததும் மொதல்ல ஒங்களத்தான் கேட்டா. அந்த மயக்கத்துல 'மச்சான் வரலையா?'ன்னா. இல்லடின்னேன்."

"பாவம்... என்ன சொன்னா?"

"'அப்பாடா... வந்திருந்தா இந்நேரம் டாக்டருக்கு ஒரு கார்டு வாங்கிக் குடுத்திருப்பாரு'ன்னுட்டு மறுபடி தூங்கிட்டா."