மரக்கடை இந்தியும் மனசு டாக்டரும்

பழைய கதவு, ஜன்னல் வாங்கி விற்கிறவனுக்கு வாய்தான் முதல். அந்த வாயை வைத்துக்கொண்டு ஒரு மனநல டாக்டருக்கு மொழிபெயர்க்கப் போனால் என்ன ஆகும் என்பதை, ரெண்டு பேருக்கு நடுவில் பேசப் போய் ரெண்டு பக்கமும் மொத்து வாங்கிய உங்களிடம்தான் சொல்ல முடியும்.

பாய் என்றால் உருது

மேற்குத் தாம்பரத்தில் கீழே என் கடை, மாடியில் டாக்டரம்மாவின் கிளினிக். மேடவாக்கம், நாவலூர் பக்கமெல்லாம் அடுக்குமாடிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். கட்ட வந்தவர்கள் பீகார், ஒரிசா ஆட்கள். அவர்களில் யாராவது சாப்பிடாமல் தூங்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டால் இந்த மாடிக்குத்தான் கூட்டி வருவார்கள். டாக்டரம்மாவுக்கு இந்தி சுத்தமாக வராது. ஒருநாள் படியிறங்கி வந்து, "பாய், உங்களுக்கு உருது தெரியுமே, கொஞ்சம் மேல வாங்களேன்" என்றார்.

எங்கள் வீட்டில் தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்தே தமிழ்தான். தூக்கத்தில் உளறினாலும் தமிழ்தான். உருதுவில் எனக்கு ஒரு வரி தெரியாது. பதினாறு வயசில் வீட்டில் கோபித்துக்கொண்டு ஓடிப்போய், பம்பாய் மரக்கிடங்கில் வண்டி தள்ளியபோது பொறுக்கிய இந்திதான் கையிருப்பு. அதில் எண்கள் வரும். அதுபோக மூன்றே பாடம். 'கித்னா' என்றால் எவ்வளவு. 'கம் கரோ' என்றால் குறை. 'மர்னா ஹை க்யா' என்பது வண்டிக்குக் குறுக்கே வருகிறவனைப் பார்த்துக் கத்துவது; சாகணுமா உனக்கு என்று அர்த்தம். இதை அப்போதே சொல்லியிருக்கலாம். ரோஷம் விடவில்லை. தலையாட்டிக்கொண்டே படியேறினேன். டாக்டரம்மா சொன்னார்: "அப்பாடா! கீழயே பாய் இருக்கும்போது எனக்கென்ன கவலை!"

கடப்பேரி அம்மா

முதல் ஆள் பீகாரே இல்லை. கடப்பேரியிலிருந்து வந்த உருதுக்கார அம்மா, ஐம்பது வயசிருக்கும். நெஞ்சு படபடக்கிறதாம். டாக்டரம்மா தமிழில் என்னைக் கேட்க, நான் அந்தம்மாவிடம் இந்தியில் கத்தினேன். எனக்கு இந்தியில் கத்தத்தான் வரும். அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அஞ்சு நிமிஷம் பொறுத்தார். அப்புறம், "ஏன் பாய், இவ்ளோ நேரமா இன்னா பேசிக்கினு கீறீங்க? நான் பொறந்ததே இங்கதான்" என்றார்.

டாக்டரம்மா முகம் சுருங்கிவிட்டது. "தமிழ் தெரியும்னு முதல்லயே சொல்லக்கூடாதா?" என்றார். "யாரு கேட்டீங்க?" என்றார் அந்தம்மா. அதுவும் நியாயம்தான். புர்காவைப் பார்த்ததும் டாக்டரம்மா முடிவு பண்ணினார், தொப்பியைப் பார்த்து என்னை முடிவு பண்ணின மாதிரியே. சரி, இனி தமிழிலேயே பேசலாம், என்னை விட்டுவிடுவார்கள் என்று எழுந்தேன். அந்தம்மா பேச ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, புர்கா நுனியைப் பிசைந்துகொண்டு சொன்னதை இன்றைக்கும் என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருக்கிறேன்: "மார்க்கெட்ல சண்ட போட தமிழ் போதும் டாக்டர். அழணும்னா எங்க வூட்டு பாஷதான் வருது."

இருபத்தொன்று

மகேந்தர் வந்தது அதற்குச் சில மாதம் கழித்து. பீகார்க்காரர், முப்பத்தஞ்சு வயசு, மேடவாக்கத்தில் ஒரு கட்டடத்தில் டைல்ஸ் போடுகிறவர். சூபர்வைசர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். வேலையை நிறுத்திவிட்டு மூலையில் உட்கார்ந்து அழுகிறாராம். தூங்கி எத்தனை நாளாச்சு என்று டாக்டரம்மா கேட்கச் சொன்னார். கண்ணை மூடித் தூங்குவது போலக் காட்டி "கித்னா?" என்றேன். மகேந்தர் "இக்கீஸ்" என்றார். இருபத்தொன்று. உங்களுக்கும் தெரிந்திருக்கும், இருபத்தொன்று என்று உதிரி வைத்துச் சொல்கிறவன் பதினைந்தை எதிர்பார்த்துத்தான் சொல்வான். "பந்த்ரா?" என்று பதினைந்துக்குக் கேட்டேன். அவரும் தலையாட்டினார். "பதினஞ்சு நாளாம் டாக்டரம்மா" என்றேன், ஆறு நாளை அடித்துக் குறைத்த பெருமையோடு.

அடுத்து மெதுவாக, "தில் நஹி லக்தா" என்றார். நம்ம ஊரில் தில் என்றால் என்ன? தைரியம். நஹி என்றால் இல்லை. "தில் இல்லையாம், பயந்துபோய்க் கிடக்கிறார்" என்று சொன்னேன். டாக்டரம்மா பயத்துக்கு மாத்திரை எழுதினார். என் பங்குக்கு நானும் முதுகில் தட்டி, ஆம்பளையா தைரியமா இருக்கணும் என்று தமிழிலேயே அதட்டினேன். சூபர்வைசர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகலன்னா தனியா ரயில்ல ஏத்தி விட்டுடுவேன் டாக்டர், அழறவன வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

முதல் விலைக்கே சரி

வியாழக்கிழமை மகேந்தர் கடைக்கே வந்தார், தனியாக. தோளில் ஒரு பை. பூச்சுக் கரண்டி, ரப்பர் சுத்தியல், டைல்ஸ் கட்டர், தரை மட்டம் பார்க்கிற ரசமட்டம் எல்லாவற்றையும் என் முன்னால் பரப்பி, வாங்கிக்கொள்ளச் சொல்லி சைகை காட்டினார். நான் எப்போதும் ஆரம்பிக்கிற இடத்தில் ஆரம்பித்தேன், அதாவது கேட்டவன் செருப்பைக் கழற்றுகிற விலையில். சரி என்று தலையாட்டிவிட்டு, கொடுத்ததை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

லாபம்தான். பக்கத்துக் கடையில் டீயை வாங்கிக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் விலைக்கே சரி என்கிறவன் ரெண்டு ரகம். ஒன்று, திருட்டுப் பொருள். ஆனால் கரண்டிப் பிடியில் அவர் பேரையே கீறி வைத்திருந்தார். இன்னொன்று, ஊரைக் காலி பண்ணுகிறவன். ஆனால் ஊருக்குப் போகிற டைல்ஸ்காரன் சட்டையை விட்டுப் போவான், ரசமட்டத்தை விட்டுப் போக மாட்டான். அப்படியென்றால் கரண்டிக்கு வேலையே இல்லாத எந்த ஊருக்கு இந்த ஆள் போகிறான்? டம்ளரைப் போட்டுவிட்டு, "யோவ்! நில்லுய்யா!" என்று ரோடே திரும்பிப் பார்க்கக் கத்திக்கொண்டு ஓடினேன். டீக்கடைக்காரர் பின்னாலிருந்து கேட்டது காதில் விழுந்தது: "அடிமாட்டு வெலைக்கித்தான வாங்கின, அப்பறம் ஏன் பாய் ஓடற?"

ஒரே ஒரு வாக்கியம்

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடியேறினேன். விஷயத்தைக் கேட்டதும் டாக்டரம்மா மற்றவர்களை வெளியே உட்காரச் சொன்னார். "செத்துடணும்னு தோணுதான்னு நேராவே கேளுங்க பாய். கேக்கறதுல தப்பில்ல, கேக்காம விட்டாத்தான் தப்பு" என்றார்.

நேராக எப்படிக் கேட்பது? என் இந்தியில் அதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. ஆயிரம் பேரிடம் கத்தியிருக்கிறேன், ஒருத்தனிடமும் பதிலுக்கு நின்றதில்லை. அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அதைச் சின்னக் குரலில் கேட்டேன், "மர்னா ஹை க்யா?" என்று. தண்ணி வேணுமா என்று கேட்டதைப் போல என்னைப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று மகேந்தர் சொன்னார்: "ஹாங், சேட்."

சரியான மொழிபெயர்ப்பு

அதன் பிறகு அவர் நிறுத்தவில்லை. அரை மணி நேரம் பேசினார், அழுதார், பேசினார். அது இந்தியே இல்லை. டாக்டரம்மா என்னைப் பார்க்கிறார், நான் தரையைப் பார்க்கிறேன். மற்ற நாளாக இருந்தால் ஏதாவது கட்டிச் சொல்லியிருப்பேன். கடப்பேரி அம்மா சொன்ன வீட்டு பாஷை இதுதானோ என்று அப்போதுதான் உறைத்தது.

"தெரியல டாக்டரம்மா" என்றேன். "இந்த பாஷை எனக்குத் தெரியாது. உருதும் தெரியாது. இந்தி பேரம் பேசற அளவுக்குத்தான். இருபத்தொண்ணுன்னு சொன்னதை நான்தான் பதினஞ்சாக்கினேன்." அவர் திட்டுவார், பதிலுக்குக் கத்தலாம் என்று தயாராக நின்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "இத்தனை மாசத்துல நீங்க சரியா மொழிபெயர்த்தது இது ஒண்ணுதான் பாய்."

ரயில்வே குடியிருப்பு அம்மா

அன்று சாயந்திரமே ரயில்வே குடியிருப்பிலிருந்து ஒரு அம்மாவைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தோம். மகேந்தரின் ஜில்லாக்காரர், தாம்பரத்துக்கு வந்து தமிழும் பழகியவர். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்டார். மகேந்தரின் அப்பா ஊரில் இறந்துபோயிருக்கிறார். போன் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இவர்தான் மூத்த பிள்ளை. கொள்ளி வைக்கவில்லை, தலை மழிக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் மறுநாளும் டைல்ஸ் போட்டிருக்கிறார்.

தில் என்றால் தைரியம்தானே என்று அந்தம்மாவிடம் அப்போதும் வாதாடினேன். "இல்ல பாய், மனசு. எதுலயும் மனசு ஒட்டலன்னு சொல்லியிருக்காரு" என்றார். பிறகு ஒரு காகிதத்தில் தேதிகளை எண்ணிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். மகேந்தர் முதலில் இங்கே வந்த நாளோடு, அப்பா போய்ச் சரியாக இருபத்தொரு நாள். அந்தம்மா கேட்டார்: "இருபத்தொண்ணுன்னு கரெக்டா சொல்லியிருக்காரே, அத யாரு கொறச்சது?"

ஏரிக்கரை

டாக்டரம்மா அவரைத் தெரிந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார், மருந்தை மாற்றினார், சூபர்வைசரைக் கூப்பிட்டு, இந்த நிலையில் தனியாக ரயிலேற்றினால் நடப்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு என்று நான் கத்துவதைவிடச் சத்தமாகச் சொன்னார். ஊர்க்காரர்கள் ரெண்டு பேர் மாறி மாறிக் கூடவே இருந்தார்கள். மூன்று வாரம் கழித்து, விட்டுப்போன சடங்கைச் செய்யட்டும் என்றார் டாக்டரம்மா.

சேலையூர் ஏரிக்கரையில் நாவிதர் தலை மழித்தார். என்னையும் ஏன் கூப்பிட்டார்கள் என்று புரியவில்லை. எந்தப் பக்கம் நிற்பது, தொப்பியை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. மகேந்தரின் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நாவிதர் கத்தியைத் துடைத்துக்கொண்டே என்னைக் கேட்டார்: "நீ இவருக்கு இன்னா ஒறவு பாய்?"

ரசமட்டம்

ரெண்டு மாதம் போயிருக்கும். மொட்டைத் தலையில் முள்ளுமுள்ளாக முடி முளைத்து, மகேந்தர் கடை வாசலில் வந்து நின்றார். சாமான்களை நான் விற்கவில்லை. சும்மா கொடுத்துவிடத்தான் எடுத்து வைத்திருந்தேன், சத்தியமாக. ஆனால் அவர் "கித்னா?" என்று கேட்டதும் இந்தப் பாழாய்ப்போன வாய் வாங்கின விலைக்கு மூன்று மடங்கு சொல்லிவிட்டது.

அவர் தலையாட்டவில்லை. ரசமட்டத்தை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். இதில் கீறல் என்றார், அதில் துரு என்றார், பாதிக்கும் பாதி கேட்டார். முடியாது என்றேன். அப்படியே கீழே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். ஐயோ, அல்லா, சும்மா கொடுத்துத் தொலைத்திருக்கலாமே! ஆனால் ரோட்டோரம் போனதும் நடை தளர்ந்தது. பேரம் தெரிந்த எவனும் செய்வதைப் போலத் தலையை மட்டும் திருப்பி, கூப்பிடுகிறேனா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. அங்கிருந்தபடியே தமிழில் கத்தினார்: "சேட், கடைசி வெலை சொல்லு, வேலைக்கு நேரமாச்சு!"

ரசமட்டத்துக்கு அடுத்தவன் சொல்கிற விலையைக் குறைத்துக் கேட்கலாம், அவன் சொல்கிற ராத்திரிகளைக் குறைத்துக் கேட்கக் கூடாது என்பதைத் தவிர, அந்த மாடியில் நடந்த வேறெதுவும் எந்த பாஷையிலும் எனக்கு இன்னும் விளங்கவில்லை.